கைகட்டி நின்ற காவல்காரன்

ரொம்பப் பழைய காலத்துக் கதை ஒன்றுமில்லை இது. போன தை மாதம் தொடங்கியதுதான். கோவில்பட்டியில் ஜெபராணி என்று ஒரு பெண். தபால் ஆபீசில் வேலை. கணவன் தவசிங் மாவு மில் வைத்திருந்தான். கதை இவர்கள் வீட்டில் நடக்கவில்லை. ஜெபராணியின் கர்ப்பப்பைக்குள் நடந்தது.

அது ஓர் ஊர். கைப்பிடி அளவுதான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. மாதாமாதம் ஊர்ச் சுவரைப் புதிதாக எழுப்புவார்கள். மெத்தை மாதிரி கனமாக எழுப்பி, பூசி மெழுகி, யாரோ வரப்போகிறார் என்று காத்திருப்பார்கள். யாரும் வராவிட்டால் மாதக் கடைசியில் சுவர் இடிந்து இரத்தத்தோடு போய்விடும். அதில் குடியிருந்தவர்களும் கூடவே போவார்கள். அடுத்த மாதம் புதுச் சுவர், புது ஆட்கள். போனவர்கள் என்ன தெரிந்துகொண்டார்கள் என்பது வந்தவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சுவருக்குக் காவல் இருந்தவர்கள் கொல்லிகள். நூறு காவல்காரர் இருந்தால் எழுபது பேர் கொல்லிகளாகத்தான் இருப்பார்கள். அந்தப் பெயரை அவர்களாக வைத்துக்கொள்ளவில்லை. இரத்தத்தில் ரோந்து சுற்றும் இவர்களுடைய பங்காளிகள் செய்த காரியங்களைப் பார்த்துவிட்டு, படித்தவர்கள் குடும்பத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு கொல்லியின் இடுப்பிலும் ஓர் ஊசிப்பை தொங்கும். பை நிறைய நஞ்சு தோய்த்த ஊசிகள்.

அவர்கள் வேலை செய்யும் முறை எளிது. எதிரே வருகிறவனின் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஜெபராணியின் உடம்பைச் சேர்ந்த ஒவ்வோர் உயிரணுவும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிறு விரலில் பட்டதும் கொல்லியின் கை தானாக அடங்கிவிடும். கயிறு இல்லையென்றால் ஊசிதான். கேள்விமுறை கிடையாது.

நம் கதையின் கொல்லி அந்த மாதம் புதிதாக வந்தவர்களுக்குத் தலைவன். நல்ல மாதிரி. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கிறவன். கொல்லி குலத்தில் அதை ஒரு நல்ல குணமாக யாரும் சொல்வதில்லை.

சுவரின் அடித்தளம் மட்டும் மாதக் கடைசியில் இடியாது. அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவள் விழுங்கி. செத்ததைத் தின்று இடத்தைச் சுத்தமாக வைப்பது அவள் வேலை. சாப்பிடாத நேரத்தில் பேசுவாள். பேசாத நேரத்தில் சாப்பிடுவாள். ஜெபராணி தெற்கத்திக்காரி என்பதால் அவள் உடம்புக்குள் இருந்தவர்களுக்கும் அந்தப் பேச்சுதான். வேறு எந்தப் பேச்சு வரும்?

சுவர் எழும்பி ஏழெட்டு நாள் ஆகியிருக்கும். மேலே இருந்து குழாய் வழியாக உருண்டு உருண்டு ஒரு கரு வந்து சேர்ந்தது. கடுகைப் பத்தாகப் பிளந்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுகூட இல்லை. வந்த கையோடு சுவரில் ஒட்டிக்கொண்டது. அதன் வெளிப்புறத்திலிருந்து ஒருவன் இறங்கி விறுவிறுவென்று சுவரைத் தோண்ட ஆரம்பித்தான்.

"எலேய், நில்லு!" என்று ஓடிவந்தான் கொல்லி. "யாருட்ட கேட்டு தோண்டுத?"

"தோண்டாம எப்படி உள்ள வர? வெளியவே நின்னா எங்க சின்னது வழுக்கி விழுந்துரும்."

"பேரு?"

"வேரன். உள்ள இருக்குற சின்னதுக்கு எல்லாமே நான்தான். குழி நான் தோண்டணும், சோறு நான் தேடணும். அதுக்கு இப்போதைக்கு இருக்கத்தான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது."

"கையைக் காட்டு."

வேரன் தயங்காமல் கையை நீட்டினான். கொல்லி மணிக்கட்டைப் பிடித்தான். மஞ்சள் கயிறு விரலில் பட்டது. அவன் கை அடங்கியது. நம்ம ஆள்தான், விட்டுவிடலாம் என்று நினைக்கும்போதே விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மஞ்சளுக்குப் பக்கத்தில் இன்னொரு கயிறு. கறுப்பு. அதைத் தொட்டதும் கொல்லியின் கை துறுதுறுவென்று வந்தது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"இது யார் கயிறு?"

"தவசிங்கோடது. சின்னதுக்கு அப்பா."

"அவரு இந்த ஊர்க்காரரு இல்லையே."

"இல்லதான். ஆனா சின்னது பாதி அவரு. அதை ஒளிச்சு வச்சுக்கிட்டு மஞ்சக் கயித்தை மட்டும் காட்டிட்டு உள்ள வந்திருக்கலாம். பொய் சொல்லிக் குடியேற எனக்கு மனசில்ல."

கொல்லிக்கு இந்த நேர்மை பிடித்தது. ஆனால் தன் கையை நினைத்தால் பயமாக இருந்தது. அது இன்னும் துறுதுறுத்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கொல்லி, கொல்லி என்று கூப்பிடப்பட்டவன் அவன். அவன் கை துறுதுறுத்தால் அது எதற்காக இருக்கும்? கொலைக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டான். வேறு மாதிரி யோசிக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"நீ உள்ள போ," என்றான். "நான் உன்னைத் தொடமாட்டேன். எங்க ஆளுக யாரும் தொடமாட்டாங்க. அதே மாதிரி நீயும் எங்க பக்கம் கையை நீட்டிக்கிட்டு வராத. நீ உண்டு, உன் வேலை உண்டு."

பிறகு தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னான்: "எல்லாரும் கையைக் கட்டிக்கிடுங்க. அவன் நம்ம வீட்டுக்கு வந்தவன். ஒரு விரலும் அவன்மேல படக்கூடாது."

கொல்லிகள் எல்லோரும் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். பார்க்கவே பெருமையாக இருந்தது. ஊசிப்பையோடு இத்தனை பேர் நிற்கிறார்கள், ஓர் ஊசி வெளியே வரவில்லை. ஒரு காவல்காரன் இதைவிட நல்லவனாக இருக்க முடியுமா என்று கொல்லி தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

முதல் சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. சுவரில் கசிந்த பால் போன்ற ஈரமே கருவுக்குப் போதுமானதாக இருந்தது. கரு வளர்ந்தது. அதற்குள் ஓர் இதயம் துடிக்கத் தொடங்கியது. வளர வளரப் பசியும் வளர்ந்தது. இனிமேல் கசிவு போதாது, இரத்தம் வேண்டும் என்று வேரன் புறப்பட்டான்.

அந்த ஊருக்கு இரத்தம் கொண்டுவருபவன் சுருளன். முறுக்கிய கயிறு மாதிரி சுருண்டு சுருண்டு வரும் இரத்தக்குழாய். சுற்றிலும் கெட்டியான தசை. சொட்டுச் சொட்டாகத்தான் விடுவான். அதையும் பெரிய மனதோடு விடுவதாக நினைப்பு.

"அண்ணாச்சி," என்றான் வேரன், "கொஞ்சம் வாயைத் திறங்க. எங்க சின்னது பசியில கிடக்கு."

"விட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

"இது பத்தல அண்ணாச்சி. சொட்டு நீலம் விடுத மாதிரி விடுதீங்க."

"இந்தா பாரு," என்றான் சுருளன். "நான் ஜெபராணியோட குழாய். அவ பயந்தா இறுக்குவேன், நிம்மதியா இருந்தா தளத்துவேன். என் சுவரு கெட்டியா இருக்குறதாலதான் அவளுக்கு ரத்த ஓட்டம் ஒழுங்கா இருக்கு. நேத்து வந்த ஒருத்தன் கேட்டான்னு நான் என் உடம்பைப் பொளந்துகிட முடியுமா? போ, போ."

வேரன் சுருளனின் தசைச் சுவரை முட்டிப் பார்த்தான். உடைக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தான். கொல்லிகள் வரிசையாகக் கைகட்டி நின்றார்கள்.

"அண்ணே, கொஞ்சம் ஒத்தாசைக்கு வாங்களேன்," என்று கூப்பிட்டான்.

"வரமாட்டோம்," என்றான் கொல்லி. "உன்மேல கை படக்கூடாதுன்னு முடிவு பண்ணியாச்சு. உன் நல்லதுக்குத்தான்."

ஒன்பதாவது வாரம் ஜெபராணி தபால் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள் பாத்ரூமுக்குப் போய்விட்டு வெளிறிப்போய்த் திரும்பினாள். துணியில் ஒரு துளி இரத்தம். ஒரு துளிதான். ஆனால் இதற்கு முன் இரண்டு தடவையும் ஒரு துளியில்தான் ஆரம்பித்தது. இரண்டு கருவும் பத்தாவது வாரத்தைத் தாண்டவில்லை.

தவசிங் மில்லை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். சட்டையில் மாவோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் சுபைதா ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துடிப்பு இருக்கு. கொஞ்சம் மெதுவா இருக்கு. வளர்ச்சியும் ஒரு வாரம் பின்தங்குது. ஓய்வெடுங்க. பத்து நாள் கழிச்சு மறுபடியும் பாப்போம்."

தவசிங் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். போன தடவை கரு கலைந்த பிறகு, யாரோ சொன்னார்கள் என்று வெளியூரில் ஜெபராணியின் இரத்தத்தைக் கொடுத்து வாங்கிவந்த ரிப்போர்ட்.

"டாக்டர், இதுல கொல்லி அணுக்கள் ஜாஸ்தின்னு போட்டிருக்கு. அவனுகதான எங்க ரெண்டு புள்ளையவும் கொன்னது? அவனுகள அடக்க மருந்து இருக்குன்னு சொல்லுதாங்க. எழுதிக் குடுங்க."

"பேரைப் பார்த்து பயப்படாதீங்க," என்றார் டாக்டர். "இது ரத்தத்துல எடுத்த கணக்கு. ரத்தத்துல சுத்துறவன் வேற, கர்ப்பப்பையில இருக்குறவன் வேற. உள்ள இருக்குறவன் என்ன வேலை பார்க்கான்னு நாங்களே இன்னும் முழுசாப் படிச்சு முடிக்கல. தெரியாம அவனை அடக்கக்கூடாது. நான் எழுதமாட்டேன்."

ஜெபராணி பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாள்: "வெளிய இருந்து யாரும் வந்து கொல்லலைங்க. என் உடம்புதான் என் புள்ளைய கொல்லுது."

"அப்படியெல்லாம் பேசாதட்டி," என்றான் தவசிங். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

உள்ளே கருவின் துடிப்பு இன்னும் தளர்ந்தது. வேரன் சுருளனின் காலடியில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டான். அடித்தளத்திலிருந்து விழுங்கி மெல்ல மேலே ஏறிவந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சுவரோரமாகக் காத்திருந்தாள்.

"நீங்க என்னத்துக்கு இங்க வந்தீங்க விழுங்கியக்கா?" என்று கேட்டான் கொல்லி.

"என்னத்துக்கு வருவேன்? என் வேலைக்குத்தான். இன்னும் நாலஞ்சு நாளு. போன ரெண்டு தடவையும் இந்த மாதிரிதான் ஆச்சு."

"போன தடவை என்ன நடந்துச்சு? அப்ப இருந்த கொல்லிக ஊசியால குத்திட்டாங்களா?"

"சேச்சே! அவங்களைப் போய் அப்படிச் சொல்லாத. தங்கமான ஆளுக. உங்களை மாதிரியேதான். வந்தவன் கையில கறுப்புக் கயித்தைப் பாத்தாங்க. கொல்லவும் மனசில்ல. 'நாங்க தொடமாட்டோம், நீ போ'ன்னு விட்டுட்டாங்க. கடைசி வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. ஒரு விரலு அவன்மேல படலையே!"

"அப்புறம் எப்படிச் செத்துச்சு?"

"அதுதான எனக்கும் புரியல," என்றாள் விழுங்கி. "யாரும் ஒண்ணுமே செய்யல. அதுபாட்டுக்குச் செத்துப்போச்சு. அதுக்கு முந்தினவங்களும் அப்படித்தான். எல்லாரும் நல்லவங்க. ரெண்டு புள்ளையும் என் வயித்துக்குத்தான் வந்துச்சு."

கொல்லி கைகட்டி நின்ற தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். நல்லவர்களாக இருந்தே இரண்டு பிள்ளைகளைக் கொன்றிருக்கிறார்கள். ஊசியை எடுத்திருந்தால் குற்றமாவது தெரிந்திருக்கும். மூன்றாவது அவன் முறையா?

இடுப்பிலிருந்து ஊசிப்பையைக் கழற்றி விழுங்கியிடம் நீட்டினான்.

"இதைப் பிடிங்க."

"எதுக்கு?"

"நான் வேரனோட கையைத் தொடப்போறேன். கறுப்புக் கயித்தை. விடாம பிடிச்சுப் பாக்கப்போறேன். என் கை என்ன கேக்குதுன்னு எனக்கே தெரியல. பை பக்கத்துல இருந்தா பயமா இருக்கு. நான் அவனை ஏதாவது செய்யப்போனா, யோசிக்காம என்னை விழுங்கிருங்க."

"நல்லா இருக்கே! காவல்காரனை முழுங்குன பாவம் எனக்கு வேணுமா?"

"சும்மா நின்ன பாவத்தை விடக் கம்மிதான்க்கா."

கொல்லி வேரனிடம் போனான். "கையைக் காட்டு" என்றான். வேரன் படுத்தபடியே கையைத் தூக்கினான். கொல்லி மஞ்சள் கயிற்றைத் தாண்டி நேராகக் கறுப்புக் கயிற்றைப் பிடித்தான். துறுதுறுப்பு விரலில் தொடங்கி முழங்கைக்கு ஏறியது. தோள் வரை வந்தது. இந்தத் தடவை அவன் கையை இழுக்கவில்லை. விழுங்கி வாயைத் திறந்துகொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

கை வேரனின் கழுத்துக்குப் போகவில்லை. வேரனைத் தாண்டிப் போனது. சுருளனின் கெட்டியான சுவர்மேல் போய் விழுந்து, தசையை நார் நாராகப் பிரிக்க ஆரம்பித்தது.

கொல்லி தன் கையையே வேடிக்கை பார்த்தான். "அட!" என்றான். "இது கொலைக்கு அரிக்கல. வேலைக்கு அரிச்சிருக்கு. இத்தனை நாளா நான்தான் அதைக் கட்டிப் போட்டிருக்கேன்."

"ஐயோ, ஐயோ!" என்று கத்தினான் சுருளன். "ஊர்க் காவல்காரனே ஊர்க் குழாயை உடைக்கான்! வந்தவனுக்காக வீட்டுச் சுவரை இடிக்கான்! உனக்கு வெக்கமா இல்ல?"

"உடைக்கல அண்ணாச்சி. அகலமாக்குதேன்."

"என் தசையை எடுத்துட்டா என்னால இறுக்க முடியாதே!"

"முடியவேண்டாம். நாளைக்கு ஜெபராணி எதையாவது நினைச்சுப் பயப்படுவா. நீங்க உடனே இறுக்குவீங்க. அவ பயத்துக்கு அவ புள்ளை பட்டினி கிடக்கணுமா? இன்னும் ஒரு ஏழு மாசம் இறுக்கத் தெரியாமத்தான் இருங்களேன்."

"வலிக்குதுடா."

"வலிக்கும்," என்றான் கொல்லி.

அவன் திரும்பி மற்றவர்களை அழைத்தான். "எல்லாரும் கையை அவுங்க. ஒவ்வொருத்தனா வந்து அந்தக் கறுப்புக் கயித்தைத் தொட்டுட்டு வேலையில இறங்குங்க. மஞ்சக் கயித்தை மட்டும் தொட்டுட்டு நின்னீங்கன்னா தூக்கம்தான் வரும். நம்ம கையை எழுப்புறது அந்தப் பாதிதான்."

கொல்லிகள் அக்குளிலிருந்து கைகளை எடுத்தார்கள். நீண்ட நேரம் இடுக்கி வைத்ததில் சிலருக்கு மரத்துப்போயிருந்தது. உதறிவிட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவன் தசையைப் பிரித்தான், ஒருவன் புதுக்கிளை விடச்சொல்லிக் குழாய்களைத் தட்டி எழுப்பினான். விழுங்கி வந்து, உதிர்ந்ததையெல்லாம் தின்று இடத்தைச் சுத்தம் செய்தாள். பிள்ளையைத் தின்னக் காத்திருந்தவளுக்குச் சுருளனின் தசை கிடைத்தது. நார் நாராக இருக்கிறது என்று முணுமுணுத்தாலும் சந்தோஷமாகவே தின்றாள்.

வேரனும் எழுந்தான். கொல்லிகள் தளர்த்திக் கொடுத்த இடத்தில் புகுந்து, குழாயின் உட்புறத்தைத் தன் உடம்பாலேயே மெழுகினான். சுருளனின் குறுகிய வாய் கொஞ்சம் கொஞ்சமாகப் புனல் மாதிரி விரிந்தது. இரத்தம் பீச்சியடிக்கவில்லை. நிதானமாக, நிறைய வந்தது. கருவின் துடிப்பு ஒவ்வொன்றாக வலுத்தது.

பத்து நாள் கழித்து ஸ்கேனில் டாக்டர் சுபைதா எதுவும் சொல்லாமல் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தார். குதிரை ஓடுவதுபோல் கேட்டது. ஜெபராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பின்தங்கியிருந்த ஒரு வாரத்தைப் பிள்ளை பிடித்துவிட்டது என்றார் டாக்டர்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்தால் தப்பு. வேரனுக்கு ருசி கண்டுவிட்டது. ஒரு சுருளன் போதாது என்று பக்கத்துக் குழாயான அடுத்த சுருளனிடம் போனான். அதுவும் சரி என்று கொல்லி விட்டான். வேரன் இன்னும் ஆழமாக, அடித்தளத்தையும் தாண்டித் தோண்ட ஆரம்பித்தான். ஒரு நாள் கொல்லி குறுக்கே வந்து நின்றான்.

"இதோட நில்லு."

"ஏன்? உள்ள இன்னும் எவ்வளவோ ரத்தம் இருக்கே."

"இருக்கு. அது ஜெபராணிக்கு. இதுக்கு மேல தோண்டுனா அவ உசுருக்கு ஆபத்து. புள்ளை பொறக்குற அன்னைக்கு நீ பிடியை விட மாட்ட. அவ ரத்தம் கொட்டியே போயிருவா."

"சின்னதுக்கு வேணும்ணே."

"சின்னதுக்கு அம்மாவும் வேணும்."

வேரன் கேட்பதாக இல்லை. இன்னொரு பிடி தோண்டினான். கொல்லி திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "விழுங்கியக்கா, என் ஊசிப்பையைக் கொண்டாங்க."

வேரன் கையை நிறுத்தினான். "கடைசியில நீ கொல்லிதான்."

"நீ நின்னா நான் ஏன் கொல்லப்போறேன்? நான் உனக்குக் கூலியாளு இல்லலே. இந்த ஊருக்குக் காவல்காரன். உன்னைப் பட்டினி போட்டாலும் தப்பு, நீ அவளைத் தின்ன விட்டாலும் தப்பு. ரெண்டுக்கும் நடுவுல இதுதான் கோடு."

வேரன் கோட்டைப் பார்த்தான். கொல்லியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அங்கேயே வேரை ஊன்றி உட்கார்ந்துகொண்டான். பிள்ளை பிறக்கும் வரை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அவ்வப்போது கொல்லி வந்து கையைத் தொட்டுப் பார்ப்பான். அவன் நீட்டுவான். இரண்டு பேருக்கும் அதிகம் பேச்சு இருக்காது. சண்டை போட்டுக்கொண்டவர்கள் சேர்ந்து வேலை செய்வது அப்படித்தான்.

ஐந்தாவது மாதம் சுவர் வேலை முடிந்தது. வேலை முடிந்த பிறகு கொல்லிகளுக்கு அந்த ஊரில் இடமில்லை. ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசியில் நம் கொல்லியும் தளர்ந்து சுவரில் சாய்ந்தான். விழுங்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பசிக்குதா?" என்று கேட்டான் கொல்லி.

"இல்ல. வேலைன்னு ஒண்ணு இருக்கே, அதான் வந்தேன்." அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அது முதல் தடவை.

"புள்ளை அசையுதாக்கா? எனக்கு இங்க இருந்து தெரியல."

"இப்பத்தான் ஒரு உதை விட்டுச்சு. அடித்தளம் வரைக்கும் ஆடிப்போச்சு."

"ஜெபராணிக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாம இருக்குமா? முத்திரையைக் கீழ போட்டுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாளே."

கொல்லிக்கு அது போதும். அவன் கண்ணை மூடியதும் விழுங்கி அவனை மெதுவாக எடுத்துக்கொண்டாள். வேறு யாருக்கும் அவள் அவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை.

ஐப்பசி அடைமழையில் ஜெபராணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வேரன் கோட்டோடு பிடியை விட்டு, தாய்க்கு ஒரு சேதாரமும் இல்லாமல் கழன்று வந்தான்.

கார்த்திகையில் கோயிலில் ஞானஸ்நானம். பிள்ளைக்கு ஆசீர் என்று பெயர் வைத்தார்கள். மதியம் வீட்டில் பிரியாணி. சாப்பாட்டுக்கு முன்னால் தவசிங்கின் அக்கா எமிலி பிள்ளையைக் கையில் வாங்கி, மூக்கைப் பார்த்து, "அப்படியே எங்க தவசிங்" என்றாள். ஜெபராணியின் அம்மா விடவில்லை. நெற்றி எங்கள் வீட்டு நெற்றி என்றாள். பாதி பாதி என்று யாரோ சமாதானம் செய்துவைத்தார்கள்.

தவசிங் மட்டும் அன்று மாவு இல்லாத வெள்ளைச் சட்டையில் நடுக்கூடத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியாது சித்தப்பா. இவ உடம்புக்குள்ள முழுக்கக் கொலைகாரனுக. ரிப்போர்ட்லயே போட்டிருந்தான். ரெண்டு புள்ளைய முடிச்சுட்டானுக. இவன் பாருங்க, ஒருத்தன் கையும் மேல படாம தப்பிச்சு வந்துட்டான்!"

"பெரிய ஆள்தான்" என்று சித்தப்பா பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பிள்ளையின் சாமர்த்தியத்தை மெச்சிவிட்டுப் பந்திக்கு எழுந்தார்கள்.

ஜெபராணி பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளறைக்குப் போனாள். அது குடித்துவிட்டு உறங்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, எழுப்பிவிடாதபடி அதன் காதில் மெல்லக் கேட்டாள்:

"என் உடம்புகிட்ட இருந்து எப்படிய்யா தப்பிச்சு வந்த?"